தப்பு எங்கே விழுகிறது

எங்கள் மாவட்டத்துக்காரர்கள் வெளியூரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயங்களில் படிப்பும் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே அதுதான் முதலிடம். மிஷனரிகளின் பள்ளிகள், திருவிதாங்கூர் அரசின் பள்ளிகள் என்று இருநூறு வருடத்து உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் எல்லோரும் வாசிக்கிற ஊரில் வாசிப்பு வராத ஒரு பிள்ளை எவ்வளவு தனியாகிப் போகிறது என்பதை முப்பது வருடத்துக்கு மேல் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். "அண்ணன் இன்ஜினியரிங், அக்கா நர்சிங். இவனுக்கு மட்டும் தலையில ஒண்ணும் ஏறமாட்டங்கு டீச்சரே" என்று ஒரு அம்மா சொல்வாள். பையன் அவள் சேலைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

எண்பதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். விளவங்கோடு தாலுகாவில், ரப்பர் தோட்டங்களை ஒட்டிய ஓர் உதவிபெறும் தொடக்கப்பள்ளி. ஆசிரியர் பயிற்சியில் படித்த உளவியலில் மந்தமான பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை என்று இரண்டு வகைதான் இருந்தது. கேள்வி கேட்டால் வாயால் பளிச்சென்று பதில் சொல்லிவிட்டு, அதே பதிலை எழுதச் சொன்னால் வியர்த்துப்போகும் பிள்ளையை அந்த இரண்டில் எதிலும் சேர்க்க முடியவில்லை. அப்படி இரண்டு மூன்று பேர் ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி வரிசையில் இருந்தார்கள். அவர்கள் எங்கே போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். மலையோரம் என்றால் ரப்பர் பால்வெட்டுக்கு, கடற்கரை என்றால் வள்ளத்துக்கு, பெண்பிள்ளை என்றால் அண்டியாபீசு என்கிற முந்திரி ஆலைக்கு. அதைத் தலையெழுத்து என்று ஏற்றுக்கொண்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. பகலில் பள்ளி, இரவில் அண்டியாபீசில் வேலை பார்க்கும் பெண்களுக்கு வகுப்பு. அந்தப் பாடநூல் அ, ஆ என்று தொடங்காமல் பட்டா, படி என்று சொற்களில் தொடங்கியது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெண்கள் சில மாதங்களில் பஸ் போர்டு வாசித்தார்கள். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு வரை வந்து நின்றுபோனவர்களில் சிலர்தான் வகுப்புக்கு வர மறுத்தார்கள். "எனக்கு அது வராது டீச்சரே, சின்னதுலயே பாத்தாச்சு" என்று ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்திரிக்கொட்டை உடைப்பதில் அவள் கைக்கு ஈடாக அங்கே யாரும் இல்லை. கூலிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிப்பாள். முப்பது வயதுக்காரியின் முகத்தில் என் கடைசி வரிசைப் பிள்ளைகளை அன்றைக்குப் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். புத்தகத்தைப் பிரித்தால் கடகடவென்று வாசிப்பான். அவனை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒருநாள் படம் ஒட்டிச் சொல் எழுதிய அட்டைகளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பலாப்பழப் படத்தின் கீழே பலா என்று எழுதியிருந்தது. "சக்கை" என்றான். அடுத்தது மரவள்ளிக் கிழங்கு. "மரச்சீனி" என்றான். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம் என்பதால் முதலில் அது சரியாகவே பட்டது. பிறகு படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "மக்களே, இப்ப வாசி" என்றேன். அட்டையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், ஒரு சொல்லும் வரவில்லை. புத்தகம் முழுவதையும் மற்றப் பிள்ளைகள் ஓதுவதைக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தான். எந்தப் பக்கத்தில் எந்தப் படம், அதற்கு எந்தப் பாட்டு என்பது வரைக்கும் அவனுக்குத் தெரியும். எழுத்து மட்டும் தெரியாது.

எங்கள் பள்ளிகளில் கூட்டாகச் சேர்ந்து ஓதுகிற பழக்கம் இப்படிப்பட்ட பிள்ளையை மூன்றாம் வகுப்பு வரைக்கும் மறைத்துவைக்கும். அதற்குள் இரண்டு வருடம் போய்விடும். அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பக்கத்தில் உட்காரவைத்து, படம் இல்லாத எழுத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ப, லா என்று கூட்டி வாசித்துவிட்டு, "அது சக்கைதானே டீச்சரே" என்று கேட்கிற பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அவன் வாசித்ததைப் புரிந்துகொண்டிருக்கிறான். இந்த வித்தியாசம் தெரியாமல் ஊர்ப்பேச்சு பேசும் பிள்ளைகளையெல்லாம் குறைபாட்டுக் கணக்கில் எழுதிய ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொடங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கோடை விடுமுறையில் அங்கே போனேன். டிஸ்லெக்சியா என்கிற இந்த வாசிப்புக் குறைபாடு புதிதில்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர் பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். நல்ல புத்திசாலி, கணக்கு வரும், வாசிப்பு மட்டும் வராது. பாடமெல்லாம் வாயால் நடந்தால் இவன்தான் பள்ளியிலேயே கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். நூறு வருடம் கழித்து விளவங்கோட்டில் நான் பார்த்ததும் அதே பையனைத்தான். உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகைக் கற்றல் குறைபாடு இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். பெற்றோரின் படிப்புக்கும் பணத்துக்கும் அதில் பங்கில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். கரும்பலகையில் எழுதியதைக் காப்பி எடுக்க முடியாத பையனின் அப்பா பலமுறை என்னிடம் தணிந்த குரலில், "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்லியிருக்கிறார்.

பயிற்சியில் கொடுத்த அடையாளப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்து எழுதியவை. 'பி'யும் 'டி'யும் இடம் வலமாக மாறும், எழுத்து கண்ணாடியில் பார்த்தது போல் வரும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஊருக்கு வந்து தேடிப் பார்த்தால் தமிழில் எழுதும் பிள்ளைகளிடம் அது அபூர்வம். தமிழில் தப்பு வேறு இடத்தில் விழுகிறது. அது எங்கே என்று பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என் தொழில் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'கெ' என்று சொல்லும்போது முதலில் க், பிறகு எ. எழுதும்போது கொம்பு முதலில், க பிறகு. காது ஒரு வரிசையில் கேட்கிறது, கை வேறு வரிசையில் எழுத வேண்டும். 'கொ' என்றால் இன்னும் சிக்கல்: உயிரின் அடையாளம் இரண்டாகப் பிளந்து முன்னால் கொம்பும் பின்னால் காலுமாக நிற்கும். அந்தக் காலும் 'ர'வும் பிள்ளை கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். அதனால் 'கொடி' என்பதைக் 'கெரடி' என்று வாசிப்பார்கள். வகுப்பே சிரிக்கும். ஆனால் அந்தப் பிள்ளை கண்ணில் பட்டதை ஒழுங்காக இடமிருந்து வலம் வாசித்திருக்கிறது. அது தப்பிலும் ஓர் ஒழுங்கு. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லிக்கொடுக்க முடியும். கொம்பையும் காலையும் ஒரே நிறத்தில், நடு எழுத்தை வேறு நிறத்தில் எழுதி, இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்று காட்டுவேன். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் வருவது இவர்களுக்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஆனால் வரும்.

அடுத்தது உகரம். ஒரே ஒலிக்கு எத்தனை வடிவம்! கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி வளையும். சு, பு, யு, வு கீழே இறங்கும். து, நு, ணு, லு, று, னு வேறு விதமாகச் சுழித்துக் காலை நீட்டும். அரிச்சுவடியில் இவை க, ங, ச வரிசையில் கலந்து வரும். எனவே இந்தப் பிள்ளைகளுக்கு 247 எழுத்தும் 247 தனிப் படங்களாகத் தெரியும். நான் வடிவத்தை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு கூட்டம் கையில் நன்றாகப் படிந்த பிறகுதான் அடுத்தது. முதல் எழுத்தாக 'அ'வையும் வைப்பதில்லை. அவ்வளவு சுழி உள்ள எழுத்து ஒரு பிஞ்சுக் கைக்கு முதல் நாள் எதற்கு? ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கினால் அன்றைக்கே 'படம்', 'பட்டம்' என்று சொல் கிடைத்துவிடும். சொந்தமாக ஒரு சொல் வாசித்துவிட்ட பிள்ளை மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லாமல் பள்ளிக்கு வரும்.

ல, ள தப்பு, ர, ற தப்பு பார்த்துப் பயந்து பிள்ளையைக் கூட்டிவருகிற பெற்றோர் நிறைய. அது தமிழ்நாடு முழுவதும் பெரியவர்களும் செய்கிற தப்பு. நான் பார்ப்பது குறில் நெடில் மாறுவதை, ஒற்று விழுந்துபோவதை, 'பட்டம்' திரும்பத் திரும்பப் 'படம்' ஆவதை. எல்லாவற்றுக்கும் மேலாக வேகத்தைப் பார்ப்பேன். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு நேரான உறவு இருப்பதால், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளில் பலர் ஐந்தாம் வகுப்புக்குள் எப்படியாவது எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார்கள். ஆசிரியர், "வாசிக்கானே" என்று விட்டுவிடுவார். ஆனால் ஒரு பத்தி முடிவதற்குள் முதல் வரி மறந்துபோகும். வரலாற்றுத் தேர்வில் கேள்வித்தாளை வாசித்து முடிக்கவே பாதி நேரம் போய்விடும். இந்த மெதுவான பிள்ளைகளைத்தான் நாம் அதிகமாகத் தவறவிடுகிறோம்.

பிரச்சினை கண்ணில் இல்லை, பெரும்பாலும் ஒலியைப் பிரித்துக் கேட்பதில் இருக்கிறது என்பதை ஒரு விளையாட்டில் புரிந்துகொண்டேன். பட்டு, கட்டு, தட்டு என்று சொல்லி, இதோடு சேருவது எது, மணியா, முட்டா என்று கேட்பேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் குதித்துக்கொண்டு சொல்லும். வாசிப்பில் திணறுகிற எட்டு வயதுப் பிள்ளை யோசித்துக்கொண்டே நிற்கும். எதுகை, மோனை நம் மொழியின் உடம்பிலேயே இருப்பதால் இதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. தேரூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போதெல்லாம், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊரில் நின்றுகொண்டு பாட்டு வேண்டாம் என்று சொல்லலாமா என்று இளம் ஆசிரியர்களிடம் கேட்பேன். கவிமணியும் நம்மைப் போல் ஆசிரியர்தான். அவருடைய குழந்தைப் பாடல்களைப் பொருள் விளக்கிக் கேள்வி பதில் எழுதிப்போடுவதற்கு முன்னால் கைதட்டிப் பாடவிடுங்கள், எந்த ஒலி திரும்ப வருகிறது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியை உரக்கச் சொல்லும் முறையை அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்காம் என்ற இருவர் பெயரில் சொல்வார்கள். கண், காது, கை மூன்றும் ஒரே சமயத்தில் வேலை செய்யும்போது எழுத்து தங்குகிறது. நான் பள்ளி வராந்தாவில் தாம்பாளத்தில் மணல் பரப்பி இதைச் செய்துகொண்டிருந்தபோது, பேரனைக் கூப்பிட வந்த ஒரு தாத்தா நின்று பார்த்தார். "டீச்சரே, இது எங்க ஆசான் செஞ்சதுதானே" என்றார். திருவிதாங்கூர்க் காலத்துக் குடிப்பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். ஆசான் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைப்பார், எழுதும்போது வாய் ஓய்ந்தால் விடமாட்டார். ஸ்லேட்டும் நோட்டும் வந்தபோது அதை விட்டுவிட்டோம்.

கணக்கு வேறு கதை. குளச்சல் பக்கம் மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் கரையில் ஏலம் நடக்கும்போது பங்குக் கணக்கை மனதில் பிரித்துச் சொல்லிவிடுவான். எத்தனை பாகம் ஆழத்தில் என்ன மீன் கிடைக்கும் என்று தாத்தாவிடம் கேட்டு வைத்திருந்தான். நோட்டில் மட்டும் நூற்று மூன்று என்றால் 1003 என்று எழுதுவான். கேட்டபடி நூறையும் மூன்றையும் எழுதிச் சேர்த்திருக்கிறான். தொண்ணூற்று ஐந்து என்றால் 1005. தமிழில் தொண்ணூறுக்குள் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. காதை மட்டும் நம்புகிற பிள்ளை அந்த இடத்தில் கட்டாயம் வழுக்கும். அவனுக்கு எண் புரியவில்லை என்பது பொய், எண்ணை எழுதுகிற முறைதான் பிடிபடவில்லை. பத்துக் குச்சிக் கட்டுகளையும் தனிக் குச்சிகளையும் வைத்து, இட மதிப்பைக் கையால் தொட்ட பிறகு ஆறு மாதத்தில் சரியானது. டிஸ்கால்குலியா என்கிற கணக்குக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இப்படி ஆவதில்லை. நான்கு குச்சி அதிகமா ஏழு குச்சி அதிகமா என்பதே அங்கே குழப்பமாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே மருந்து கொடுக்கக் கூடாது.

வாசிக்காத பிள்ளைக்கெல்லாம் டிஸ்லெக்சியா என்று சீட்டு எழுதுவதும் ஆபத்து. முதலில் காதையும் கண்ணையும் சோதிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொட்டில்பாடு, மேலமணக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் நன்றாக வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகளே வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். காலம் போக எழுத்து தானாகத் திரும்பி வந்தது. கொரோனாவில் ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளி மூடிக் கிடந்து, 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்தபோதும் இப்படித்தான். ஒரு வகுப்பு முழுவதும் எழுத்தை மறந்திருந்தது. ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலானவர்கள் மேலே வந்துவிட்டார்கள். அதே பாடத்தை அதே அளவு கொடுத்தும் வராமல் நின்றவர்கள்தான் நான் தேடும் பிள்ளைகள்.

2007 டிசம்பரில் 'தாரே ஜமீன் பர்' வந்தது. இந்திப் படம்தான், ஆனாலும் நாகர்கோவிலில் என்னைத் தெரிந்தவர்கள் வீடு தேடி வந்து, "உங்க பிள்ளைங்களைப் பத்தித்தான் படம் எடுத்திருக்காங்க" என்றார்கள். அதுவரை மக்கு, சோம்பேறி என்று மட்டும் கேட்ட பெற்றோர் வேறு ஒரு காரணமும் இருக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கூடவே ஒரு தொல்லையும் வந்தது. படத்தில் வரும் பையனுக்கு இருப்பது போல ஓவியம் எங்கே, திறமை எங்கே என்று கேட்டார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒளிந்திருக்கும் மேதைத்தனம் இருக்க வேண்டியதில்லை. சாதாரணப் பிள்ளையாக இருந்துகொண்டே வாசிக்கக் கற்றுக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2016 சட்டத்தில் இருபத்தொரு வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. 2018-இல் வந்த வழிகாட்டு நெறிகளில் எட்டு வயதில்தான் முதல் சான்றிதழ், பிறகு 14, 18 வயதுகளில் மறுபடி பரிசோதனை என்று இருந்தது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் கிடைக்கும். இவை தேவை. வாங்கிக் கொடுக்க அலைந்திருக்கிறேன். ஒரு முகாமில் தமிழ்வழியில் படிக்கும் பெண்பிள்ளையிடம் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது சண்டையும் போட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வேறு பயம். "நாளைக்குக் கல்யாணம் பேசுறப்போ இந்தச் சீட்டு வெளிய வந்தா?" என்றார். பத்தாம் வகுப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவரே திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

ஆனால் இந்தச் சலுகைகளால் ஒரு புதிய பழக்கம் வந்திருக்கிறது. எட்டு வயது ஆகட்டும், சீட்டு வரட்டும் என்று பள்ளியும் வீடும் காத்திருக்கின்றன. ஆறு வயதில் தினம் அரை மணி நேரம் கொடுத்தால் போதுமான இடத்தில், பத்து வயதில் இரண்டு மணி நேரம் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் பிள்ளை தன்னை மக்கு என்று நம்பியும் இருக்கும். அந்த நம்பிக்கையைக் கழற்றுவதற்குத்தான் எழுத்துக் கற்றுக்கொடுப்பதைவிட அதிக நாள் பிடிக்கிறது. பரிசோதனை சலுகைக்காக. கற்பிப்பதற்கு அது வரும்வரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. இன்னொன்று, வீட்டில் ஓர் ஆங்கிலச் சொல்லும் புழங்காத பிள்ளையை எல்.கே.ஜி.யிலேயே ஆங்கிலவழியில் தள்ளுவது. தமிழ் எழுத்திலேயே தடுமாறும் பிள்ளைக்கு, ஒரே எழுத்து நான்கு விதமாக ஒலிக்கும் மொழியை முதலில் கொடுப்பது பெரிய பாரம். முதலில் தமிழில் வாசிப்பு கைக்கு வரட்டும் என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் குறைவு. கேட்ட வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தையும் பிறகு எளிதாகவே பிடித்தார்கள்.

அந்த 'சக்கை' பையனுக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது. மார்த்தாண்டத்தில் எலெக்ட்ரிக்கல் வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறான். வாசிப்பான், மெதுவாக. கொட்டேஷனை மொபைலில் வாயால் சொல்லி எழுதவைக்கிறான், வந்த கடிதத்தை மொபைலே அவனுக்கு வாசித்துக்காட்டுகிறது. அவன் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன முதல் மாதமே என்னிடம் கூட்டி வந்துவிட்டான். அவளுக்கும் ஒலி பிரித்துக் கேட்பதில் தடுமாற்றம் இருந்தது. உடனே தொடங்கினோம். இரண்டாம் வகுப்பு முடியும்போது வகுப்போடு சேர்ந்து வாசித்தாள்.

இதை வாசிக்கும் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்த வாரம் உங்கள் பிள்ளையை உட்காரவைத்து, அது பார்த்திராத ஒரு பக்கத்தை, படம் இல்லாமல், பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திருத்தாதீர்கள், எங்கே தடுமாறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அகஸ்தீஸ்வரம் தொடங்கி மேல்புறம் வரை நம் மாவட்டத்தின் ஒன்பது ஒன்றியங்களிலும் வட்டார வள மையம் இருக்கிறது. அங்கே சிறப்பாசிரியர் உண்டு. அந்தத் தாளோடு போய் அவரைப் பாருங்கள்.